52 − 27 = 35 என்று எழுதும் பிள்ளைக்கு: இனமாற்றக் கழித்தலைச் சொல்லித் தரும் விதம்

போன வருஷம் ஒரே சாயங்காலத்தில் மூன்று பிள்ளைகள் 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதிக் காட்டினார்கள். சரியான விடை 25. மூவருக்கும் ஒரே தப்பு விடை வந்ததால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். "எப்படிப் போட்ட, சொல்லு கண்ணு" என்று தனித்தனியாகக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

முதல் பையன், "ரெண்டுல ஏழு போகாது மிஸ், அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சேன், அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு" என்றான். இரண்டாவது பையன் கடன் வாங்கி, 12-ல் 7 போக 5 என்று சரியாகத்தான் போட்டிருந்தான், ஆனால் பத்தாம் இடத்து 5-ஐ 4 ஆக்காமல் அப்படியே விட்டுவிட்டான். மூன்றாவது ஒரு பெண் குழந்தை. அவள் கடனும் வாங்கி, 5-ஐ 4 ஆக்கி, 4-ல் 2 போக 2 என்றும் போட்டுவிட்டு, கடைசியில் ஒன்றைக் கூட்டி 3 ஆக்கியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "கடன் வாங்கினோம்ல மிஸ், திருப்பிக் குடுக்க வேண்டாமா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் இவர்கள், கொழுந்து பறிக்கப் போகும் அம்மா சம்பளம் வாங்கிய அன்று மளிகைக் கடை நோட்டில் உள்ள பாக்கியைத் தீர்ப்பதைப் பார்த்து வளர்கிறவர்கள். வாங்கினால் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாங்கிவிட்டுத் திருப்பியே கொடுக்காத ஒன்றுக்குக் 'கடன்' என்று பெயர் வைத்ததுதான் பிரச்சினை.

அன்றிலிருந்து கழித்தல் சொல்லித் தரும்போது கடன் என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. நம் பாடப்புத்தகத்தில் இருக்கிற 'இனமாற்றம்' என்ற சொல் உண்மையில் ரொம்ப நல்ல சொல், மதிப்பு மாறாது, இனம்தான் மாறுகிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. ஆனால் எட்டு வயதுக்கு அது பெரிய சொல். அதனால் நான் முதலில் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளை வைத்துச் செய்யும்போது 'கட்டை அவிழ்க்கிறது', பணம் வைத்துச் செய்யும்போது 'சில்லறை மாத்துறது', இரண்டும் பழகின பிறகு 'இதுக்குப் பேர்தான் இனமாற்றம்' என்று சொல்கிறேன். பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய் நாணயம் வாங்கினால் யாரும் யாருக்கும் பாக்கி இல்லை, இது எல்லாக் குழந்தைக்கும் புரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை தப்பாகப் போட்டால் 'கவனமில்லை' என்று திட்டாதீர்கள். 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து இதைக் கண்டார்கள்: பல தப்புகள் குத்துமதிப்பாக வருவதில்லை, பிள்ளை ஏதோ ஒரு தப்பான விதியைப் பிசகாமல் பின்பற்றுவதால் வருகின்றன. அந்த முதல் பையனிடம் இருந்த விதி 'பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும்' என்பது, அதை ஒன்றாம் வகுப்பில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தான். ஆகவே விடையைத் திருத்துவதற்கு முன்னால் அது வந்த வழியைக் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், கோபப்படாமல் கேட்கணும், அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். நோட்டைத் திறப்பதற்கு முன்னால் குச்சி வேண்டும். நான் எரிந்து முடிந்த ஊதுவத்தியின் அடிக்குச்சிகளைச் சேர்த்து வைக்கிறேன், ஒவ்வொரு வீட்டிலும் தினமும் கிடைக்கும், ஒரே தடிமனாக இருக்கும். ஈர்க்குச்சியை ஒரே அளவாக வெட்டியும் வைத்துக்கொள்ளலாம். தைலமரக் காய் இங்கே கீழே கொட்டிக் கிடக்கிறது, எண்ணுவதற்கு நல்லதுதான், ஆனால் கட்ட முடியாது, நமக்குக் கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் பாடமே. மணி, விதை மாதிரிச் சின்னப் பொருளும் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் பிள்ளைகளின் விரல் விறைத்துப் போயிருக்கும், சின்ன மணியைப் பிடிக்கவே முடியாது. பத்துப் பத்துக் குச்சியாக எண்ணி ரப்பர் பேண்டு போடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், நீங்கள் கட்டி வைத்துக் கொடுக்காதீர்கள். தன் கையால் பத்தை எண்ணிக் கட்டின பிள்ளைக்கு அந்தக் கட்டுக்குள் பத்து இருப்பதைப் பற்றிச் சந்தேகமே வராது. வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளை படுகில் எண்ணட்டும், தடுக்க வேண்டாம்.

கழித்தலுக்கு முன் ஒரு விளையாட்டை இரண்டு நாள் விளையாடுங்கள். 47 குச்சி எடு என்று சொல்லுங்கள், நாலு கட்டும் ஏழு உதிரியும் எடுப்பார்கள். "வேற மாதிரி 47 வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். ஒரு கட்டை அவிழ்த்தால் மூன்று கட்டும் 17 உதிரியும், இன்னொன்றை அவிழ்த்தால் இரண்டு கட்டும் 27 உதிரியும். எப்படி வைத்தாலும் 47-தான். இனமாற்றக் கழித்தலில் புதிதாக இருப்பது இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சின்னக் கழித்தல். இதை விளையாடாமல் நேராக நோட்டில் 'ஐந்தை அடி, நாலு போடு' என்று ஆரம்பித்தால் மேலே சொன்ன மூன்று தப்பில் ஒன்று வந்தே தீரும், என் அனுபவத்தில் அது வராமல் போனதில்லை.

அப்புறம் அந்த 52 − 27. ஐந்து கட்டு, இரண்டு உதிரி பிள்ளை முன்னால். "இதுல 27 எனக்குக் குடு." பெரும்பாலான பிள்ளைகள் முதலில் இரண்டு கட்டை எடுத்து நீட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், வலதுபக்கமிருந்து ஆரம்பி என்று இப்போது சொல்லாதீர்கள். "இன்னும் ஏழு." உதிரியைப் பார்ப்பார்கள், இரண்டுதான் இருக்கும். இந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பத்து விநாடி, இருபது விநாடி, சில பிள்ளைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகும். அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்த பெண் குழந்தை இரண்டு உதிரியையும் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், பிறகு மிச்சமிருந்த மூன்று கட்டைப் பார்த்தாள், ஒரு கட்டை எடுத்து ரப்பர் பேண்டை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ தப்புச் செய்யப் போகிறவள் மாதிரி மெதுவாக, "மிஸ், இதை அவுக்கலாமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். இதை நாம் சொல்லிக் கொடுத்துவிட்டால் அது நம் விதி ஆகிவிடும், பிள்ளை கேட்டால் அது பிள்ளையுடைய யோசனை.

அவிழ்த்த உடனே ஏழை எடுக்க விடாதீர்கள். எல்லாவற்றையும் மறுபடி சேர்த்து வைத்து, நான்கு கட்டும் பன்னிரண்டு உதிரியுமாகக் காட்டி, "இப்ப மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். சிலர் 42 என்பார்கள், சிலர் 62 என்பார்கள். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். 52-தான் என்று அவர்களே கண்டுபிடித்தால் திருப்பிக் கொடுக்கும் கேள்வியே வராது, ஏனென்றால் எதையும் வெளியிலிருந்து வாங்கவில்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டு மூன்று நாள் குச்சியோடு மட்டும் இருந்துவிட்டு நோட்டுக்கு வாருங்கள். கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள், ஒரு கட்டத்தில் ஓர் இலக்கம், மேலே 'ப', 'ஒ' என்று தலைப்பு. சாதாரணக் கோடு போட்ட நோட்டில் பத்தும் ஒன்றும் சரிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும், பாதித் தப்பு அங்கேயே வருகிறது. இப்போது நான் கறாராக வைத்திருக்கும் ஒரு விதி: கை செய்த பிறகுதான் பென்சில் எழுதும். கட்டை அவிழ்த்தாயா, 5-ஐக் குறுக்கே அடித்து மேலே 4 எழுது. பத்தை உதிரியோடு சேர்த்தாயா, 2-ஐ அடித்து மேலே 12 எழுது. ஏழை எடுத்தாயா, கீழே 5 எழுது. நோட்டில் இருக்கும் ஒவ்வொரு கோடும் கை செய்த ஒரு காரியத்தின் குறிப்பு. பல பேர் 2-க்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு 1 போட்டு அதை 12 ஆக்கச் சொல்வார்கள், அது எனக்குப் பிடிக்காது. பிள்ளை அதைப் பன்னிரண்டாகப் பார்ப்பதில்லை, 'ஒண்ணு போட்டேன்' என்றுதான் சொல்கிறது. 2-ஐ அடித்துவிட்டு 12 என்று முழுசாக எழுத வையுங்கள்.

வலதுபக்கமிருந்து ஏன் ஆரம்பிக்கிறோம் என்று கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்களே ஒரு முறை இடப்பக்கமிருந்து போடச் சொல்லுங்கள். 5-ல் 2 போக 3 என்று எழுதிவிட்டு, ஒன்றாம் இடத்துக்கு வந்து கட்டை அவிழ்க்கும்போது அந்த 3-ஐ அழித்து 2 ஆக்க வேண்டி வரும். இடப்பக்கமிருந்து போடுவது தப்பில்லை, அழிக்கிற வேலை மிச்சமாகும் என்பதற்காகத்தான் வலதுபக்கம் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து, நான் பார்த்தவரை பிள்ளைகள் நிஜமாகத் தடுமாறும் இடம் கட்டை அவிழ்ப்பது அல்ல, அவிழ்த்த பிறகு வரும் 12 − 7. விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணுகிறார்கள், பன்னிரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டு 6 என்கிறார்கள். இதற்குக் குச்சியே வழி காட்டுகிறது. ஏழை உதிரியிலிருந்து எடுக்காதே, இப்போது அவிழ்த்த பத்திலிருந்து எடு: மூன்று மிச்சம், ஏற்கெனவே இருந்த இரண்டோடு சேர்த்தால் ஐந்து. 13 − 8 என்றால் பத்தில் எட்டு போக 2, அதோடு 3, ஐந்து. தமிழில் பன்னிரண்டு, பதிமூன்று, பதினேழு என்று சொல்லும்போதே பத்து உள்ளே ஒளிந்திருக்கிறது, அதைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டால் போதும். இந்த வழிக்குத் தெரிந்திருக்க வேண்டியது பத்தின் ஜோடிகள்தான்: 1-9, 2-8, 3-7, 4-6, 5-5. இவை தூக்கத்தில் கேட்டாலும் வரணும். பஸ்ஸில் போகும்போது, தண்ணீர் பிடிக்க நிற்கும்போது, "ஏழு!" என்றால் "மூணு!" என்று சொல்லும் விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவிழ்த்த பிறகு வரக்கூடிய மற்ற சின்னக் கழித்தல்களை, அதாவது 11 முதல் 18 வரையுள்ள எண்ணிலிருந்து ஓரிலக்க எண்ணைக் கழித்து ஓரிலக்க விடை வருபவற்றை எண்ணிப் பார்த்தால் மொத்தமே 36-தான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையிலும் 36 கொண்டை ஊசி வளைவு. இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒரு சார்ட்டில் வளைந்து வளைந்து பாதை வரைந்து, ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணக்கை எழுதி ஒட்டியிருக்கிறேன், யோசிக்காமல் சொல்லத் தெரிந்த வளைவுக்குப் பிள்ளை வண்ணம் அடிக்கும். 11 − 2 மேலே, 18 − 9 அடிவாரத்தில். யார் எந்த வளைவில் நிற்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது இப்போது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

இனமாற்றம் பழகின பிள்ளைக்கு அடுத்து வரும் வியாதி, எல்லாக் கணக்கிலும் கட்டை அவிழ்ப்பது. 68 − 25 கொடுத்தாலும் 6-ஐ அடித்து 5 ஆக்கி, 18-லிருந்து 5-ஐக் கழித்து 13 என்று எழுதி முழிக்கும். காரணம், அந்த வாரம் முழுக்க அவிழ்க்கும் கணக்கே கொடுத்திருப்போம். ஆகவே மூன்றாம் நாளிலிருந்தே இரண்டையும் கலந்து கொடுங்கள், கூடவே இதையும் செய்யுங்கள்: இருபது கணக்கை எழுதிக் கொடுத்து, "எதையும் போட வேண்டாம், கட்டை அவிழ்க்கணும்னு இருக்கிற கணக்குக்கு மட்டும் டிக் போடு" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. ஒன்றாம் இடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் வந்துவிடும்.

தாத்தா பாட்டி வேறு மாதிரிச் சொல்லிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். மேலே பத்து சேர்த்துக்கோ, கீழே ஒண்ணு சேர்த்துக்கோ என்பது பழைய முறை: 12-ல் 7 போக 5, கீழே இருக்கும் 2-ஐ 3 ஆக்கி, 5-ல் 3 போக 2, விடை 25. இரண்டு எண்ணிலும் பத்தைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது, அண்ணனுக்கும் தம்பிக்கும் பத்து வருஷம் கழித்தும் அதே வயசு வித்தியாசம்தானே. முறை சரியானதுதான். ஆனால் குச்சியை வைத்து இதைக் காட்டுவது கஷ்டம், வெளியிலிருந்து பத்தைக் கொண்டுவரணும். 1949-இல் அமெரிக்காவில் பிரவுனெல், மோசர் என்ற இருவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு முறையையும் வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று செய்தபோதும், காரணம் புரிய வைத்துச் சொல்லிக் கொடுத்தால் கட்டை அவிழ்க்கும் முறையே நன்றாக வந்தது. வீட்டில் இரண்டு முறை ஓடினால் ஒரு மாதத்துக்கு ஒன்றை நிறுத்தி வையுங்கள், இரண்டையும் கலந்தால் பிள்ளை மேலேயும் ஒன்றைக் குறைத்துக் கீழேயும் ஒன்றைக் கூட்டிவிடும்.

இனிமேல் பூஜ்யம். இதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். 200 − 58. பத்துக் கட்டை ஒரு மஞ்சப்பையில் போட்டால் நூறு, அப்படி இரண்டு பை. (நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் மஞ்சப்பை எல்லா வீட்டிலும் கிடைக்கும்.) உதிரியும் இல்லை, கட்டும் இல்லை, இரண்டு பைதான் இருக்கிறது. எட்டுக் குச்சி வேணும். பிள்ளை பைக்குள் கை விட்டு நேராகக் குச்சியை எடுக்கப் பார்க்கும், உள்ளே கட்டுதான் இருக்கும். ஆகவே முதலில் பையைக் கொட்டணும்: பத்துக் கட்டு. அதில் ஒன்றை அவிழ்க்கணும்: ஒன்பது கட்டு, பத்து உதிரி. ஒரு பை அப்படியே இருக்கிறது. நோட்டில் 1, 9, 10. பத்தில் எட்டு போக 2, ஒன்பதில் ஐந்து போக 4, ஒரு நூறு, விடை 142.

இங்கே வரும் வழக்கமான தப்பு விடை 152. பத்தாம் இடத்தில் 10 என்றே வைத்துக்கொண்டு, ஒன்றாம் இடத்திலும் 10 போட்டுவிடுகிறார்கள், அதாவது அவிழ்த்த கட்டை இரண்டு இடத்தில் எண்ணிவிடுகிறார்கள். 'நடுவில் பூஜ்யம் வந்தா ஒன்பது போடு' என்று சொல்லிக் கொடுத்தால் இந்தத் தப்பு உடனே நின்றுவிடும், ஆனால் ஒன்பது எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியாது, 230 − 58 கொடுத்தால் அங்கேயும் பூஜ்யத்தைப் பார்த்து ஒன்பது போடும். அதற்குப் பதிலாகக் கொட்டிய பையைப் பார்த்து, "நூறு இப்ப என்னாச்சு?" என்று கேட்டு, "தொண்ணூறும் பத்தும்" என்று வாயால் சொல்ல வையுங்கள். இந்தத் தொண்ணூறு என்ற சொல்லிலும் கொஞ்சம் கவனம் வேண்டும், அதற்குள் நூறு இருப்பதால் சில பிள்ளைகள் அதை நூறுக்கு மேலே என்று நினைத்துக்கொள்கிறார்கள். தொள்ளாயிரமும் அப்படித்தான், ஆயிரம் காதில் விழுந்ததும் நாலிலக்கம் எழுதுகிறார்கள். ஒன்பது கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொண்ணூறு என்று சொல்லிப் பழகினால் இது சரியாகும்.

கொஞ்சம் கைதேர்ந்த பிள்ளைக்கு ஒரு சுருக்கு வழியும் சொல்லித் தரலாம். 200 என்பது 20 கட்டு. ஒன்றை அவிழ்த்தால் 19 கட்டு, 10 உதிரி. 20-ஐச் சேர்த்து ஒரே கோடாக அடித்துவிட்டு மேலே 19 எழுது. இரண்டு முறை அடிக்கிற வேலை ஒன்றாகிவிடும், அந்த ஒன்பதும் தானாக வரும்.

நாலிலக்கத்துக்குக் குச்சி கட்டி மாளாது, அங்கே எங்கள் ஊர் ரயிலை எடுத்துக்கொள்கிறேன். 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயில், கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி 2203 மீட்டரில் உதகையில் போய் நிற்கிறது. எத்தனை மீட்டர் ஏறுகிறது? 2203 − 326. நடுவில் பூஜ்யம், மூன்று இடத்தில் இனமாற்றம், இதைவிட நல்ல கணக்கை யாரும் உட்கார்ந்து தயாரிக்க முடியாது. 3-ல் 6 போகாது. 220 கட்டில் ஒன்றை அவிழ்த்தால் 219 கட்டும் 13 உதிரியும். 13-ல் 6 போக 7. 9-ல் 2 போக 7. நூறாம் இடத்தில் 1 இருக்கிறது, 3 போகாது, ஓர் ஆயிரத்தை மாற்றினால் 11 நூறு, 3 போக 8. ஆயிரம் 1. விடை 1877 மீட்டர்.

விடை வந்ததும் என்னிடம் காட்டக் கூடாது, முதலில் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் வழக்கம். 1877-உம் 326-உம் கூட்டினால் உதகைக்கு வந்து சேரணும். முதலில் 7-லிருந்து 2-ஐக் கழித்தானே, அந்தப் பையன் இதை முதல் முறை போட்டபோது 2123 என்று வந்தது, மறுபடி பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருந்தான். கூட்டினான், 2449 வந்தது. "மிஸ், ரயில் ஊட்டியைத் தாண்டிப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு, நான் எதுவும் சொல்வதற்குள் போய்க் குச்சிப் பையை எடுத்துக்கொண்டு வந்தான்.

இப்படித் திரும்பிப் போகும் நாள் எல்லாப் பிள்ளைக்கும் வரும், குறிப்பாக மே மாத விடுமுறைக்குப் பிறகு. அப்போது ஒரு நாளைக்கு ஆறு கணக்கு போதும், முதல் இரண்டைக் குச்சியோடு, மிச்சம் நாலை நோட்டில். பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள், கைக்கு எட்டுகிற ஆணியில் மாட்டி வையுங்கள்.